ஒரே ஏரில் இரண்டு காளைகள்: இடைக்கால இங்கிலாந்தில் அரசரும் திருச்சபையும்

1200-களில் இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமம். ஒரு குடியானவர் இறந்துபோகிறார். துக்கம் நடந்த வீட்டுத் தொழுவத்துக்கு இரண்டு பேர் வருவார்கள். முதலில் வருபவர் நிலப்பிரபுவின் காரியஸ்தர். இருப்பதிலேயே நல்ல மாட்டை அவர் அவிழ்த்துக்கொண்டு போவார். பிரபுவின் நிலத்தை அனுபவித்ததற்கான கடைசிக் கடன் அது. அடுத்து வருபவர் தேவாலயத்து ஆள். இரண்டாவது நல்ல மாடு பங்குச் சாமியாருக்கு. இறந்தவர் உயிரோடிருந்த காலத்தில் தேவாலயத்துக்குச் செலுத்த வேண்டியதில் ஏதாவது குறை வைத்திருந்தால் அதற்கு ஈடு என்று கணக்கு.

மாடுகள் போனதோடு விஷயம் முடியாது. அவருடைய நிலம் யாருக்கு என்பதைப் பிரபுவின் மன்றமோ அரசரின் மன்றமோ தீர்மானிக்கும். அவர் விட்டுப்போன பாத்திரம், தானியம், ஆடு, கைக்காசு இவற்றுக்கு உயில் இருந்தால் அது திருச்சபை மன்றத்துக்குப் போகும். சொந்த நிலமுள்ளவர் என்றால் இன்னொரு சிக்கலும் வரலாம். நிலம் கேட்டு நிற்கும் மகன் முறையான திருமணத்தில் பிறந்தவன்தானா என்று யாராவது கேள்வி எழுப்பினால், அதற்குப் பதில் சொல்லும் உரிமை ஆயருக்குத்தான், அதாவது பிஷப்புக்குத்தான். அரசரின் நீதிபதி வழக்கை நிறுத்தி வைத்து, ஆயருக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகே தீர்ப்புச் சொல்வார்.

இறந்தவர் ஒருவர். அவர்மேல் உரிமை கொண்டாடும் அதிகாரங்கள் இரண்டு. இடைக்கால இங்கிலாந்தைப் புரிந்துகொள்ள இதுதான் நுழைவாயில்.

பாடப்புத்தகங்கள் இந்தக் காலத்தை 'அரசரா, போப்பா' என்ற சண்டையாகவே சொல்லிவிட்டுப் போகின்றன. சண்டை நடந்தது உண்மை. ஒரு பேராயரின் உயிரே போனது. ஆனால் சண்டை போட்ட நாட்களைவிட, ஒன்றின் தோளில் மற்றொன்று கைபோட்டு வேலை பார்த்த நாட்கள்தான் மிக அதிகம் என்பது என் கருத்து. அந்த அன்றாட ஏற்பாடு புரிந்துவிட்டால், சண்டை எதற்காக வந்தது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

எழுத்தும் எண்ணெயும்

597-ல் போப் கிரகோரி அனுப்பிய அகஸ்டின் என்ற துறவி, தென்கிழக்கே கென்ட் நாட்டில் வந்து இறங்கினார். அந்நாட்டு அரசர் எத்தல்பர்ட் கிறிஸ்தவரானார். கேன்டர்பரியில் பேராயர் பீடம் அமைந்தது. துறவிகள் தங்கள் சமயத்தோடு எழுத்துக் கலையையும் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளிலேயே எத்தல்பர்ட் தம் நாட்டுச் சட்டங்களை எழுதி வைத்தார். ஆங்கில மொழியில் எழுதிய சட்டங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான்.

அதன் முதல் வரிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேவாலயத்தின் பொருளைத் திருடினால் 12 மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆயரின் பொருளுக்கு 11 மடங்கு. குருவின் பொருளுக்கு 9 மடங்கு. சற்றுக் கீழே போனால், அரசரின் பொருளைத் திருடினாலும் 9 மடங்குதான். இந்தக் கணக்கில் அரசரும் ஒரு சாதாரண குருவும் ஒரே படியில் நிற்கிறார்கள். ஆயர் அவர்களுக்கு ஒரு படி மேலே. இப்படி எழுதச் சொன்னவரே அரசர்தான். ஏன் சம்மதித்தார்? சட்டத்தை ஏட்டில் ஏற்றும் வித்தை அந்தத் துறவிகளிடம்தான் இருந்தது. ரோமாபுரிப் பேரரசர்களைப் போலச் சட்டம் இயற்றிய அரசர் என்ற பெருமையும் அவர்கள் வழியாகத்தான் வரும்.

அரசருக்குத் திருச்சபை கொடுத்த இன்னொரு பெரிய கொடை அபிஷேகம். 973-ல் பாத் நகரில் பேராயர் டன்ஸ்டன், மன்னர் எட்கருக்குத் திருத்தைலம் பூசி முடிசூட்டினார். பழைய ஏற்பாட்டில் தாவீதுக்கும் சாலொமோனுக்கும் நடந்தது போலவே இது. பிறப்பாலும் வாளாலும் அரசரானவர், இந்த எண்ணெய் பட்ட பிறகு கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆகிறார். அவரை எதிர்ப்பது பாவம். ஆனால் எண்ணெய் பூசும் கை ஆயருடையது. பூசுவதற்கு முன் ஆயர் ஒரு வாக்குறுதியும் வாங்கிக்கொள்வார்: திருச்சபைக்கும் மக்களுக்கும் அமைதி தருவேன், கொள்ளையையும் அநீதியையும் தடுப்பேன், தீர்ப்பில் நீதியும் இரக்கமும் காட்டுவேன் என்று. அன்று வகுத்த சடங்கின் அடிப்படை அமைப்பு இன்றைய பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவரை தொடர்கிறது.

எண்ணெய் பூசியதால் அரசர் பாதிக் குருவாகிவிட்டாரா? இந்தக் கேள்வி ஒரு மன்னருக்கே வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி, லிங்கன் ஆயர் ராபர்ட் கிரோஸ்டெஸ்ட்டுக்கு எழுதி, அபிஷேகம் எனக்கு என்ன தருகிறது என்று கேட்டார். தூய ஆவியின் வரங்கள் கிடைக்கும், நல்லாட்சி செய்யும் கடமை கூடும், ஆனால் எந்த வகையிலும் குருத்துவம் வந்துவிடாது என்று ஆயர் பணிவாகவும் உறுதியாகவும் பதில் எழுதினார்.

ஆயருக்கு இரண்டு முகம்

இங்கிலாந்தில் ஆயர்களின் பொறுப்பில் 17 மறைமாவட்டங்கள் இருந்தன. கேன்டர்பரியிலும் யார்க்கிலும் பேராயர்கள். கீழே ஏறத்தாழ 9,000 பங்குகள், அதாவது உள்ளூர்க் குருவின் பொறுப்பில் இருந்த ஊர்ப் பகுதிகள். விளைச்சலில் பத்தில் ஒன்று, அதாவது தசமபாகம், தேவாலயத்துக்கு. கோதுமைக் கட்டு முதல் ஆட்டுக்குட்டி, கம்பளி, முட்டை வரை பத்தில் ஒன்று போகும்.

இதைவிடப் பெரிய சொத்து நிலம். 1066-ல் நார்மண்டியின் வில்லியம் படையெடுத்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றினார். போப்பின் ஆசியும் அவருக்கு இருந்தது. 20 ஆண்டு கழித்து, 1086-ல், நாட்டின் நிலம் முழுவதையும் கணக்கெடுத்தபோது சுமார் கால் பங்கு நிலம் ஆயர்களிடமும் மடங்களிடமும் இருந்தது தெரியவந்தது. வில்லியம் அந்த நிலத்தைச் சும்மா விட்டுவைக்கவில்லை. நிலம் வைத்திருப்பவர் அரசருக்குப் படைவீரர் தர வேண்டும் என்ற விதியை ஆயர்கள்மேலும் ஏற்றினார். கேன்டர்பரி பேராயர் 60 குதிரை வீரர்களை அனுப்பக் கடமைப்பட்டவர். திருப்பலி நிறைவேற்றும் அதே மனிதர், போர்க்காலத்தில் ஒரு சிறு படைக்குப் பொறுப்பாளி.

அரசாங்க வேலையும் இவர்களிடம்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குருமார் வகுப்பினர் என்பதால் அரசரின் எழுத்தர்கள், கணக்கர்கள், தூதர்கள் எல்லாம் அவர்களே. நம் அலுவலகங்களில் புழங்கும் 'கிளார்க்' என்ற சொல், குருமாரைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அரசருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. எழுத்தருக்குக் கஜானாவிலிருந்து சம்பளம் தர வேண்டியதில்லை. ஏதாவது ஒரு பங்கின் வருமானத்தை அவர் பெயரில் எழுதிவிட்டால் போதும். அந்தக் கிராமத்து மக்கள் தங்கள் பங்குத் தந்தையைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். குறைந்த கூலிக்கு வைத்த ஒரு துணைக் குரு பூசை வைப்பார். தானியம் மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கும். சண்டைகளை எல்லாம்விட இந்த ஏற்பாடுதான் சாதாரண மக்களை அதிகம் பாதித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

திறமை இருந்தால் மேலே வரலாம். ஹியூபர்ட் வால்டர் 1193 முதல் 1205 வரை கேன்டர்பரி பேராயர். அதே காலத்தில் மன்னர் ரிச்சர்ட் வெளிநாட்டில் இருந்தபோது நாட்டையே நிர்வகித்தார். பிறகு மன்னர் ஜானின் சான்சலர், அதாவது அரசாணைகள் எழுதும் அலுவலகத்தின் தலைவர், ஆனார். அரசாணைகளின் நகல்களைத் தோல் சுருள்களில் வரிசையாகப் பதிவு செய்து வைக்கும் வழக்கம் அவர் காலத்தில் வேரூன்றியது. இன்று வரலாற்றாசிரியர்களுக்கு அந்தக் காலம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கு அந்தச் சுருள்கள் பெரும் காரணம்.

அரசர்கள் ஆயர்களை விரும்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பிரபுவுக்கு நிலமும் அதிகாரமும் கொடுத்தால் அது அவர் மகனுக்கும் பேரனுக்கும் போய்விடும். ஆயருக்குச் சட்டப்படி வாரிசு கிடையாது. அவர் இறந்தால் அந்த இடத்துக்கு மறுபடியும் தம் ஆளைக் கொண்டுவரலாம். ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய டர்ஹமில் ஆயருக்குச் சொந்த நீதிமன்றம், சொந்த நாணயச்சாலை, சொந்த ஷெரிஃப் (மாவட்ட நிர்வாக அதிகாரி) என ஒரு குட்டி அரசையே ஒப்படைத்து வைத்தது இந்தத் துணிச்சலில்தான்.

மோதிரமும் கோலும்

இப்போது முதல் தகராறு எங்கே வரும் என்று ஊகித்துவிடலாம். இவ்வளவு நிலமும் படையும் உள்ள ஆயரை நியமிப்பது யார்?

அரசர் சொல்வார்: என் நிலம், என் படை, என் ஆலோசகர், நான்தான் தேர்ந்தெடுப்பேன். போப் சொல்வார்: அவர் ஆன்மாக்களின் மேய்ப்பர், உலகப் பதவியில் இருப்பவர் கையால் அவர் பதவியேற்கக் கூடாது. சண்டை ஒரு சடங்கில் வந்து நின்றது. புதிய ஆயருக்கு மோதிரத்தையும் மேய்ப்பர் கோலையும் கொடுப்பது அரசரா, திருச்சபையா?

1093-ல் குளோஸ்டரில் நடந்ததைப் பாருங்கள். அரசர் இரண்டாம் வில்லியம், ரூஃபஸ் என்று அழைக்கப்பட்டவர், கேன்டர்பரி பீடத்தை நான்கு ஆண்டுகளாகக் காலியாகவே வைத்திருந்தார். பீடம் காலியாக இருந்தால் அதன் வருமானம் அரசருக்கு வரும் என்பது வழக்கம். அதுதான் அவசரப்படாததற்குக் காரணம். திடீரென்று கடும் நோயில் விழுந்தார். சாவு பயம் வந்தது. நார்மண்டி மடம் ஒன்றின் தலைவராயிருந்து, அப்போது இங்கிலாந்து வந்திருந்த ஆன்செல்ம் என்ற முதிய அறிஞரைப் பேராயர் ஆக்குகிறேன் என்றார். ஆன்செல்ம் மாட்டேன் என்று மறுத்தார். ஆயர்கள் அவரைப் படுக்கையருகே இழுத்துப் போனார்கள். கோலைப் பிடிக்காமல் அவர் கையை இறுக மூடிக்கொண்டார். விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் மூடிய கைமேலேயே கோலை வைத்து அழுத்திப் பிடித்தபடி, பாட்டுப் பாடிக்கொண்டே தேவாலயத்துக்குத் தூக்கிப் போனார்கள்.

அன்று ஆன்செல்ம் சொன்ன உவமை ஒன்றை அவரோடு வாழ்ந்த துறவி எழுதி வைத்திருக்கிறார். திருச்சபை ஒரு ஏர். இங்கிலாந்தில் அந்த ஏரை இழுப்பவை இரண்டு காளைகள்: அரசர் ஒன்று, கேன்டர்பரி பேராயர் மற்றொன்று. ஒருவர் உலக நீதியாலும் ஆட்சியாலும் இழுக்கிறார். மற்றவர் இறைப் போதனையால் இழுக்கிறார். நீங்களோ அடங்காத ஒரு காளையோடு கிழட்டு ஆடான என்னை ஒரே நுகத்தில் பூட்டப் பார்க்கிறீர்கள்.

அவர் பயந்தது போலவே நடந்தது. அரசர் பிழைத்துக்கொண்டார், இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, ஆன்செல்ம் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. அடுத்த மன்னர் முதலாம் ஹென்றியோடும் தகராறு தொடர்ந்து, 1107-ல் ஒரு சமரசம் வந்தது. மோதிரமும் கோலும் தரும் உரிமையை அரசர் விட்டுக்கொடுத்தார். ஆனால் ஆயராகத் திருநிலைப்படுத்தப்படும் முன்பே அந்த மனிதர் அரசர் முன் மண்டியிட்டு, நிலத்துக்காக விசுவாசம் தெரிவிக்க வேண்டும். சடங்கு திருச்சபைக்கு, பிடி அரசருக்கு. அரசருக்குப் பிடிக்காதவர் ஆயராவது அதன் பிறகும் அரிது.

யாருடைய மன்றம்?

நார்மானியர் வருமுன் கவுண்டி எனும் மாவட்ட மன்றத்தில் அரசரின் அதிகாரியும் ஆயரும் ஒன்றாக உட்கார்ந்து வழக்குக் கேட்டார்கள். கடவுளின் சட்டத்தையும் உலகச் சட்டத்தையும் ஒரே மேடையில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது மன்னர் எட்கர் போட்ட விதி. வெற்றிபெற்ற வில்லியம்தான் ஆன்மிக வழக்குகளை ஆயர்கள் தனியே விசாரிக்கட்டும் என்று பிரித்துவிட்டார். திருமணம், உயில், விபசாரம், சத்தியத்தை மீறுதல், அவதூறு, தசமபாகம் இவையெல்லாம் திருச்சபை மன்றத்துக்குப் போயின. நிலம், கொலை, கொள்ளை அரசர் பக்கம்.

கோடு போட்டாயிற்று. ஆனால் வாழ்க்கை கோட்டுக்கு அடங்குவதில்லையே. திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்து, பெற்றோர் பிறகு திருமணம் செய்துகொண்டால் அந்தக் குழந்தை முறையானதா? ஆம் என்றது திருச்சபைச் சட்டம். இல்லை, அவனுக்கு நிலம் கிடையாது என்றது நாட்டு வழக்கம். 1236-ல் மெர்ட்டனில் கூடிய சபையில் ஆயர்கள், நாட்டு வழக்கத்தை மாற்றித் திருச்சபையோடு ஒத்துப்போகுமாறு கேட்டார்கள். இங்கிலாந்தின் சட்டங்களை மாற்ற விரும்பவில்லை என்று பிரபுக்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். ஆகவே அந்தப் பிள்ளை தேவாலயத்தில் முறையான மகன், வயலில் இல்லை.

திருச்சபை மன்றம் எல்லை தாண்டுவதாக யாருக்காவது தோன்றினால், அரசரின் அலுவலகத்தில் பணம் கட்டித் தடை ஆணை ஒன்று வாங்கலாம். 'இந்த வழக்கு உங்களுடையதன்று, நிறுத்துங்கள்' என்பதே அதன் சாரம். நம் உயர் நீதிமன்றங்களில் ரிட் மனு போடுகிறோமே, அரசியல் சாசனம் பெயர் சொல்லும் ரிட்களில் ஒன்றான தடை நீதிப்பேராணை இந்த ஆணையின் நேர் வாரிசு.

ஆனால் மிகவும் புண்ணாகிப்போன கேள்வி வேறு. ஒரு குருவே கொலை செய்தால் என்ன செய்வது?

குரு என்றால் பூசை வைப்பவர் மட்டும் என்று நினைக்கக் கூடாது. உச்சந்தலையில் மயிர் மழித்துக் கீழ்ப்படிநிலை பெற்ற மாணவர்கள், எழுத்தர்கள் எல்லாரும் அதில் சேர்த்தி. அவர்களைத் திருச்சபை மன்றம்தான் விசாரிக்கும். அந்த மன்றம் இரத்தம் சிந்தும் தண்டனை தராது. பலருடைய வழக்கு, தாம் குற்றமற்றவர் என்று அவரும் அவருக்காகச் சிலரும் சத்தியம் செய்வதோடு முடிந்துவிடும். பெட்ஃபோர்டைச் சேர்ந்த பிலிப் டி பிராய் என்ற குரு, ஒரு குதிரை வீரரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு இப்படித்தான் விடுதலையானார். அரசரின் நீதிபதி வழக்கை மறுபடி எடுத்தபோது, அந்த நீதிபதியையே பிலிப் கண்டபடி திட்டினார். செய்தி மன்னர் இரண்டாம் ஹென்றியின் காதுக்குப் போனது. தமது ஆட்சியில் குருமார் செய்த கொலைகள் 100-க்கும் மேல் என்று நீதிபதிகள் அவரிடம் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதுகிறார்.

ஹென்றி ஒரு வழி கண்டார். தம் நெருங்கிய நண்பரும் சான்சலருமான தாமஸ் பெக்கெட்டை 1162-ல் கேன்டர்பரி பேராயராக்கினார். லண்டன் வணிகர் வீட்டுப் பிள்ளை, கெட்டிக்காரர், ஆடம்பரப் பிரியர். இனி இரண்டு காளைகளும் ஒரே பக்கம் இழுக்கும் என்று மன்னர் நம்பியிருக்க வேண்டும். பெக்கெட் பேராயரானதும் சான்சலர் பதவியை உதறினார். திருச்சபையின் உரிமை ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கு நின்றார்.

1164 ஜனவரியில் கிளாரண்டன் அரண்மனையில் ஹென்றி 16 விதிகளை எழுதி நீட்டினார். புதிதாக ஒன்றுமில்லை, என் பாட்டனார் கால வழக்கம்தான் என்றார். குற்றம் சாட்டப்பட்ட குரு முதலில் அரசர் மன்றத்தில் நிற்க வேண்டும். திருச்சபை அவரைக் குற்றவாளி என்று கண்டால் அதன் பிறகு பாதுகாக்கக் கூடாது. அரசரைக் கேட்காமல் அவருடைய நேரடிக் குடிகளைச் சபை விலக்கம் செய்யக் கூடாது. அனுமதியின்றி ரோமுக்கு மேல்முறையீடு போகக் கூடாது. பெக்கெட் வாயால் சம்மதித்தார், முத்திரை வைக்க மறுத்தார். அவருடைய வாதம் ஒன்று எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுகிறது: குருப்பட்டத்தைப் பறிப்பதே ஒரு தண்டனை, பிறகு அரசர் தூக்கில் போட்டால் அது ஒரே குற்றத்துக்கு இரண்டாம் தண்டனை, கடவுளே அப்படிச் செய்வதில்லை. ஹென்றி பக்கமும் நியாயம் இருந்தது. கொலையுண்டவரின் குடும்பத்துக்கு, கொன்றவர் தலையில் மயிர் மழித்திருந்தாரா என்பது ஒரு பொருட்டாகுமா?

அந்த அக்டோபரில் நார்தாம்ப்டன் சபையில் பழைய கணக்குகளைக் கேட்டு நெருக்கினார்கள். பெக்கெட் இரவோடு இரவாகத் தப்பி பிரான்சுக்குப் போனார். ஆறு ஆண்டுகள் அங்கேயே. 1170 ஜூனில் ஹென்றி தம் மகனுக்கு யார்க் பேராயரைக் கொண்டு முடிசூட்டுவித்தார். முடிசூட்டுவது கேன்டர்பரியின் உரிமை. எண்ணெய் பூசும் கையையே மாற்றிவிட்டார்கள் என்பதுதான் பெக்கெட்டுக்குத் தாங்க முடியாத அடி. ஒருவாறு சமாதானமாகி டிசம்பரில் நாடு திரும்பியவர், அந்த முடிசூட்டலில் பங்கெடுத்த ஆயர்கள்மேல் விதித்த தண்டனையை விலக்க மறுத்தார். செய்தி கேட்ட அரசர் ஆத்திரத்தில் கொட்டிய சொற்களை நான்கு வீரர்கள் ஆணையாக எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் 29 மாலை, கேன்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே பெக்கெட்டை வெட்டிச் சாய்த்தார்கள். வெட்டிய வேகத்தில் ஒரு வாளின் நுனி கல்தரையில் மோதி உடைந்தது. அந்த நுனியை வைத்து ஒரு பீடமே எழுந்தது. யாத்திரிகர்கள் அதை வணங்கினார்கள்.

1173-ல் போப் அவரைப் புனிதராக அறிவித்தார். 1174 ஜூலை 12 அன்று ஹென்றி கேன்டர்பரிக்கு வெறுங்காலில் நடந்து வந்து, கல்லறை முன் முதுகைக் காட்டிக் குனிந்தார். துறவிகள் ஒவ்வொருவரும் பிரம்பால் அடித்தார்கள். மறுநாளே, படையெடுத்து வந்திருந்த ஸ்காட்லாந்து மன்னர் ஆன்விக்கில் பிடிபட்டார். புனிதரின் மன்னிப்பு என்றே ஊரார் கண்டார்கள்.

உயிரைக் கொடுத்து பெக்கெட் வென்றது எவ்வளவு? ரோமுக்கு மேல்முறையீடு போகலாம் என்றானது. குருமாரைத் தூக்கில் போடக் கூடாது என்பதும் நிலைத்தது. பிற்காலத்தில் அந்தச் சலுகை எப்படி வளர்ந்தது என்பது வியப்பானது. யார் குரு என்று கண்டுபிடிக்க, வாசிக்கத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். வழக்கமாக நீட்டியது 51-ஆம் சங்கீதம்: கடவுளே, எனக்கு இரங்கும் என்று தொடங்குவது. அதை வாசித்துவிட்டால் கழுத்து தப்பும். எழுத்தே தெரியாதவர்களும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கலாம். 1489-ல் ஒரு சட்டம் வந்தது: குருப்பட்டம் பெறாதவர்களுக்கு ஒரே ஒரு முறைதான் இந்தச் சலுகை. மறுமுறை வந்தால் தெரிவதற்காகக் கட்டைவிரலில் சூடு போட்டார்கள். கொலைக்கு 'எம்' (M), திருட்டுக்கு 'டி' (T). சலுகை முழுதாக ஒழிந்தது 1827-ல்தான்.

சாபம் ஆயருடையது, சங்கிலி ஷெரிஃபுடையது

சண்டைக் கதையால் மறைந்துபோகும் கூட்டு வேலைக்கு வருகிறேன். திருச்சபையின் கடைசி ஆயுதம் சபை விலக்கம். மணி அடித்து, புத்தகத்தை மூடி, மெழுகுவர்த்தியைத் தரையில் போட்டு அணைப்பார்கள். விலக்கப்பட்டவரோடு யாரும் பேசவோ உண்ணவோ கூடாது. அதையும் பொருட்படுத்தாமல் ஒருவர் 40 நாள் திமிறி நின்றால்? ஆயர் அரசரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். அங்கிருந்து ஷெரிஃபுக்கு ஆணை போகும். ஷெரிஃப் அவரைப் பிடித்து, திருச்சபையோடு சமாதானமாகும்வரை சிறையில் வைப்பார்.

எதிர்த்திசையிலும் இப்படித்தான். கொலைகாரர் ஒருவர் ஓடிவந்து தேவாலயத்துக்குள் நுழைந்துவிட்டால் அரசரின் ஆட்கள் உள்ளே போய் இழுக்கக் கூடாது. 40 நாள் அடைக்கலம். ஊரார் வாசலில் காவல் இருக்க வேண்டும். அரசரின் அதிகாரியான கொரோனர் வந்து அவருடைய குற்ற ஒப்புதலைப் பதிவு செய்வார். பிறகு நாட்டைவிட்டே போகிறேன் என்று அவர் சத்தியம் செய்யலாம். அவருடைய பொருள்கள் அரசருக்கு. எந்தத் துறைமுகம் என்பதைக் கொரோனர் சொல்வார். கையில் ஒரு மரச்சிலுவையைப் பிடித்துக்கொண்டு, நெடுஞ்சாலையை விட்டு விலகாமல் அங்கே நடக்க வேண்டும். கப்பல் இல்லையென்றால் தினமும் முழங்கால்வரை கடலில் இறங்கி நிற்க வேண்டும், போகத் தயாராகத்தான் இருக்கிறேன் என்பதற்குச் சாட்சியாக. அந்த மனிதர் கையில் இருப்பது தேவாலயத்தின் சிலுவை. காலடி வைக்கும் பாதை அரசர் வகுத்தது.

தீர்ப்புச் சொல்வதிலும் இருவரும் தேவை. சாட்சி போதாத வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி ஒன்பது அடி நடப்பார். கையைக் கட்டி வைத்து மூன்று நாள் கழித்துப் பிரிப்பார்கள். புண் ஆறும் வழியில் இருந்தால் நிரபராதி, சீழ் கட்டியிருந்தால் குற்றவாளி. இரும்பை மந்திரிப்பதும் கட்டைப் பிரிப்பதும் குரு. 1215-ல் ரோமில் கூடிய பொதுச்சங்கம், குருமார் இனி இதில் கைவைக்கக் கூடாது என்று தடுத்தது. கடவுளின் சாட்சி இல்லாமல் போனபிறகு எப்படித் தீர்ப்புச் சொல்வது? 1219-ல் அரசு தன் நீதிபதிகளுக்கு, இப்போதைக்கு உங்கள் விவேகப்படி செய்யுங்கள் என்று எழுதியது. அந்த வெற்றிடத்தில்தான் அக்கம்பக்கத்தார் 12 பேர் கூடித் தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை குற்ற வழக்குகளில் வளர்ந்தது. ரோமில் எடுத்த ஒரு முடிவு இங்கிலாந்தின் நீதிமுறையையே மாற்றிவிட்டது.

மணி ஒலிக்காத ஆறு ஆண்டுகள்

ஹியூபர்ட் வால்டர் 1205-ல் இறந்தார். கேன்டர்பரி துறவிகள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், மன்னர் ஜான் வேறொருவரை. போப் மூன்றாம் இன்னசென்ட் இருவரையும் தள்ளிவிட்டு, 1207-ல் ஸ்டீபன் லாங்டனைப் பேராயராகத் திருநிலைப்படுத்தினார். ஜான் அவரை நாட்டுக்குள் விடவில்லை. 1208 மார்ச்சில் போப் இங்கிலாந்து முழுவதற்கும் வழிபாட்டுத் தடை விதித்தார்.

தேவாலய மணி நின்றது. பூசை இல்லை. குழந்தைக்கு ஞானஸ்நானமும் சாகிறவருக்குப் பாவசங்கீர்த்தனமும் மட்டும் உண்டு. இறந்தவர்களை மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் புதைக்க முடியவில்லை. தகராறில் எந்தப் பங்கும் இல்லாத குடியானவர், தம் தாயை ஏதோ ஒரு குழியில் போட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. இது ஆறு ஆண்டுக்கும் மேல் நீடித்தது. ஜான் திருச்சபையின் களஞ்சியங்களைப் பூட்டி வருமானத்தை எடுத்துக்கொண்டார். குருமார் ரகசியமாக வைத்திருந்த பெண்களைப் பிடித்துவைத்து மீட்புப் பணமும் வாங்கினார். 1209-ல் போப் அவரைச் சபை விலக்கம் செய்தார். அப்போதும் அவர் அசையவில்லை.

பிரான்ஸ் படையெடுக்கப்போகிறது என்ற பயம்தான் அவரை அசைத்தது. 1213 மே மாதம் இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் போப்பின் காலடியில் வைத்து, அவருடைய குடியாக அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆண்டுக்கு 1,000 மார்க் கப்பம். சரணாகதி போலத் தெரியும். அரசியலில் அது சாமர்த்தியம். 1215 ஜூனில் பிரபுக்கள், அரசரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த மாக்னா கார்ட்டா என்ற சாசனத்தில் அவரைக் கட்டாயப்படுத்தி முத்திரை வைக்கச் செய்தபோது, ஆகஸ்டில் அதை ரத்து செய்து ஜானைக் காப்பாற்ற வந்தவர் அதே இன்னசென்ட்தான். பேராயர் லாங்டனோ பிரபுக்களுக்கும் அரசருக்கும் நடுவில் நின்று சாசனம் உருவாக உழைத்தவர். அதன் முதல் விதி, இங்கிலாந்துத் திருச்சபை சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது. 1297-ல் மறுபடி வெளியிட்ட வடிவில் அந்த விதி இன்றும் செல்லுபடியாகும் சட்டம். இந்த ஒரு கதையிலேயே அரசர், போப், பேராயர் மூவரும் மூன்று பக்கம் நிற்பதைப் பார்க்கிறோம். திருச்சபை என்று ஒரே ஆளாக நினைத்தால் இது பிடிபடாது.

அந்த நூற்றாண்டின் கடைசியில் பணம் பெரிய பிரச்சினையானது. குருமார் அரசருக்கு வரி கட்டக் கூடாது என்று 1296-ல் போப் எட்டாம் போனிஃபேஸ் ஆணையிட்டார். முதலாம் எட்வர்ட், அப்படியென்றால் என் சட்டத்தின் பாதுகாப்பும் உங்களுக்குக் கிடையாது என்றார். வழியில் யாராவது குருவை அடித்துப் பறித்தால் கேட்க ஆளில்லை. பெரும்பாலோர் பணம் கட்டிவிட்டார்கள். 1351-லும் 1353-லும் வந்த சட்டங்கள், போப் இங்கிலாந்துப் பதவிகளில் ஆள் வைப்பதையும், அரசர் மன்றத்து வழக்குகளை வெளிநாட்டு மன்றங்களுக்குக் கொண்டுபோவதையும் தடுத்தன. ஆனாலும் நடைமுறையில் அரசர் பெயர் சொல்வார், போப் நியமிப்பார், இருவரும் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள்.

ஏர் இப்படியே ஓடியது, 1534-ல் எட்டாம் ஹென்றி இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் தாமே என்று சட்டம் இயற்றும்வரை. அவருக்கு மிகவும் உறுத்திய பெயர் எது தெரியுமா? இறந்து 368 ஆண்டு ஆகிவிட்ட தாமஸ் பெக்கெட். 1538-ல் கேன்டர்பரியில் அவருடைய சமாதியை இடித்து, பொன்னையும் மணியையும் அரசுக்கு எடுத்துக்கொண்டார். எல்லா வழிபாட்டுப் புத்தகங்களிலிருந்தும் அந்தப் பெயரை அழிக்க ஆணை போனது. அந்தக் கைப்பிரதிகள் சில இன்றும் இருக்கின்றன. சிலவற்றில் தோலே தேயும் அளவுக்குச் சுரண்டியிருக்கிறார்கள். சிலவற்றில் மெல்லிய ஒரு மைக்கோடு மட்டும் குறுக்கே ஓடுகிறது. அடியில் 'தாமஸ்' என்று தெளிவாகவே வாசிக்க முடிகிறது.